வெளியே வந்த புழுவும் உள்ளே இருந்த புழுவும்

"மூலிகைச் சாறு கொடுத்தேன் டாக்டர், மறுநாளே புழு கொட்டிருச்சு. அப்புறமும் ஏன் மெலியுது?" என்று கேட்டார் ஆடு வளர்க்கும் ஒருவர். அவர் சொன்னதில் பொய் இல்லை. புழுக்கையோடு சோற்றுப் பருக்கை போல வெள்ளைத் துணுக்குகள் விழுந்ததைப் பார்த்திருக்கிறார். ஆனால் ஆட்டின் தாடைக்கு அடியில் நீர் கோத்துத் தொங்கியது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், உள்பக்கம் ரத்தமின்றி வெளுத்துக் கிடந்தது.

அவர் பார்த்தது நாடாப்புழுவின் கண்ணிகள், அதாவது அதன் உடல் துண்டுகள். சாறே கொடுக்காவிட்டாலும் அவை உதிரும். வளர்ந்த ஆட்டுக்கு அவற்றால் பெரிய தொல்லையும் இல்லை. ஆட்டைச் சாய்ப்பது ஹீமாங்கஸ் என்ற உருண்டைப்புழு. வயிற்றின் நான்காம் அறையில் இருந்துகொண்டு, ஒவ்வொன்றும் நாளுக்குச் சுமார் 0.05 மில்லி ரத்தத்தைக் குடிக்கும். ஆயிரம் புழு என்றால் 50 மில்லி. இது பொதுவாகப் புழுக்கையில் கண்ணுக்குத் தெரிவதில்லை. நுண்ணோக்கியில் முட்டைதான் தெரியும்.

நான் மூலிகைக்கு எதிரி இல்லை. சான்டோனின் என்ற பழைய புழு மருந்து மாசிப்பத்திரி இனச் செடியிலிருந்து வந்ததுதான். புழுவையும் வெளியேற்றியது, சாப்பிட்டவருக்கு உலகத்தையே மஞ்சளாகவும் காட்டியது. நாடாப்புழுவுக்குக் கொடுத்த ஆண் பெரணிச் சாறு சிலருக்குப் பார்வையைப் பறித்தது. கொக்கிப்புழுவுக்குத் தந்த கீனோபோடியம் என்ற செடியின் எண்ணெயில் மருந்தளவுக்கும் நஞ்சளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு, உயிரிழந்தவர்கள் உண்டு. 'செடிதானே, என்ன செய்துவிடும்' என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த மூன்றும்தான் நினைவுக்கு வரும்.

ஆய்வுக்கூட முடிவுகளைப் படிக்கும்போதும் கொஞ்சம் நிதானம் வேண்டும். அங்கே இலையை ஆல்கஹாலில் ஊறவைத்து, வற்றவைத்து, செறிவான சாரமாக்கி, கண்ணாடித் தட்டில் புழு மேலேயே விடுகிறார்கள். புழு சாகிறது, சரி. நம் ஆட்டுக்குள் அந்தச் சாறு முதலில் பல லிட்டர் கொள்ளும் முதல் அறையில் கலந்து நீர்த்துப்போகும். அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கும். மிஞ்சியதுதான் நான்காம் அறைக்குப் போகும். அது எவ்வளவு என்பதை அம்மியில் அரைத்த சாற்றை வைத்துச் சொல்ல முடியாது. அதே செடியிலும் மண், பருவம், இலையின் வயது மாறினால் சத்தின் அளவு மாறும்.

டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைந்த தழைகள் மேல் எனக்கு நம்பிக்கை கொஞ்சம் அதிகம். தொடர்ந்து மேய்ந்த ஆடுகளில் முட்டை எண்ணிக்கை குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அது தடுப்புக்கு ஒரு துணை மட்டுமே. தாடை வீங்கிய ஆட்டுக்குத் தழை போட்டுக் காத்திருக்க நேரமில்லை. ஆங்கில மருந்துகளுக்கும் புழுக்கள் பழகிவருவதால், கண்டபடி மாத்திரை கொடுக்கவும் நான் சொல்ல மாட்டேன். எதைக் கொடுத்தாலும், கொடுக்கும் அன்று ஒருமுறை, 10 முதல் 14 நாள் கழித்து ஒருமுறை புழுக்கையில் முட்டையை எண்ணிப் பார்த்தால் அது வேலை செய்ததா என்று தெரிந்துவிடும்.

அந்த ஆடு ஊசிமருந்தில் பிழைத்தது. அவர் சாற்றை விடவில்லை. அடுத்த முறை வேறு ஆடுகளுக்குக் கொடுத்தபோது, முன்னால் ஒரு டப்பா, பின்னால் ஒரு டப்பா எனப் புழுக்கை கொண்டுவந்தார். இரண்டிலும் முட்டைக் கணக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான்.