வெட்டி எடுத்த ஆறாம் விரலையும் டொக்டரிடம் சொல்லுங்கள்

போன வருடம் ஒரு பின்னேரம் பத்து வயதுப் பெடியன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு அம்மாவும் அம்மம்மாவும் வந்தார்கள். (ஆளைத் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) வந்த காரணம் உடம்பு. "இடியப்பத்தைக் குறைச்சும் பாத்திட்டம் டொக்டர், ஆள் மெலியிறானில்லை" என்றார் அம்மா. மடியில் மூன்று கிளினிக் கொப்பிகள்: பருமனுக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, அடிக்கடி சிறுநீர் போவதற்கு ஒன்று. ஒவ்வொரு இடத்திலும் ஒழுங்காகத்தான் பார்த்திருக்கிறார்கள், ஆனால் ஒரு கொப்பியை மற்ற இடத்தில் யாரும் விரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நாடி பார்க்கக் கையைப் பிடித்தபோது சுண்டுவிரலோரம் கடுகளவு தழும்பு. மற்றக் கையிலும் அதே இடத்தில். "பிறக்கேக்க ஆறு விரல், வெட்டிப்போட்டம். அதிர்ஷ்டம், விடுங்கோ எண்டு நான் சொன்னனான்" என்றார் அம்மம்மா. சரி, இருட்டில் எப்படி நடக்கிறான் என்று கேட்டேன். "கரண்ட் போனா கிணத்தடிப் பக்கமே போகான். படலையைத் தடவித் தடவித்தான் திறப்பான், சரியான பயந்தாங்கொள்ளி."

அது பயமில்லை. ஆறாம் விரல், பருமன், மாலைக்கண், சிறுநீர் நான்குமே ஒரே இடத்துப் பழுதாக இருக்கலாம்: கலத்தின் மேல் மயிர்போல நீட்டிக்கொண்டிருக்கும் பிசிர்.

உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்குப் பிசிர் என்றதும் துடுப்புப் போட்டு நீந்தும் பரமீசியம் என்ற ஒற்றைக்கல உயிர் நினைவுக்கு வரும். நான் சொல்வது அசையாத பிசிர், முதன்மைப் பிசிர். நம் உடம்பின் பெரும்பாலான கலங்களில் கலத்துக்கு ஒன்று இருக்கிறது, நீளம் சில மைக்ரோமீற்றர்தான். 1898இலேயே சிம்மர்மான் என்ற ஆய்வாளர் மனிதக் கலங்களில் இதைக் கண்டு எழுதிவிட்டார், ஆனால் பிறகு ஏறத்தாழ நூறு வருடம் பிரயோசனமில்லாத பழைய மிச்சம் என்றே பலரும் இதை ஒதுக்கி வைத்திருந்தார்கள். 2000ஆம் ஆண்டில்தான் நிலைமை மாறியது: கிளமிடோமோனாஸ் என்ற பச்சைப் பாசியில் அதன் சவுக்குமுளையை (அதுவும் ஒரு நீண்ட பிசிர்தான்) கட்ட வேண்டியிருக்கும் ஒரு பரம்பரை அலகும், சிறுநீரகம் முழுக்க நீர்க்கட்டி வரும் ஒரு வகை எலியில் பழுதாகியிருந்த அலகும் ஒன்றேதான் என்று தெரியவந்தது.

இந்தப் பிசிர் கலத்தின் அன்ரனா. எண்பதுகளில் தூரதர்ஷன் பிடிக்க நாங்கள் வீட்டோரம் பைப் நட்டு அன்ரனா திருப்பியது ஞாபகம் இருக்கும்தானே? வித்தியாசம் என்னவென்றால், இங்கே வருகிற செய்தியே அன்ரனாவை நடவும் கழற்றவும் செய்கிறது. கலம் பிரியும்போது வேலைக்கு வரும் புன்மையத்தி என்ற அதே சிறு உறுப்புத்தான், கலம் ஓய்ந்திருக்கும்போது மேற்பரப்புக்குப் போய்ப் பிசிருக்கு அத்திவாரமாகிறது, அதனால் பிரிவும் பிசிரும் ஒரேநேரத்தில் ஒத்துவராது. ஆய்வுகூடத்தில் வளரும் கலங்களுக்குக் குருதிநீர்த் தீனியை நிறுத்தினால் பிரிவு நின்று பிசிர் முளைக்கும். திரும்பக் கொடுத்தால் வளர்ச்சிச் சமிக்ஞைகள் வந்து, ஓரோரா ஏ என்ற நொதியம் கிளம்பி, பிசிர் சுருங்கிப்போகும்.

முளைத்த பிசிர் என்ன கேட்கிறது என்பதில்தான் என் பெடியனின் கதை இருக்கிறது. கரு வளரும்போது கைக்கு எத்தனை விரல் என்பதில் ஹெட்ஜ்ஹொக் என்ற சமிக்ஞைக்குப் பெரும் பங்கு. அதற்குக் கடிவாளம் போடும் கிளி-3 என்ற புரதம் (பறக்கிற கிளி இல்லை) சரியாகப் பதப்படுவதற்குப் பிசிர் வேண்டும், கடிவாளம் தளர்ந்தால் விரல் கூடும். கண்ணில் வெளிச்சத்தைப் பிடிக்கும் கோல் கலத்தின் வெளிப்பகுதியே உருமாறிய பிசிர்தான், அங்கே சாமான் போய்ச் சேராவிட்டால் முதலில் மங்குவது இருட்டுப் பார்வை. வயிறு நிறைந்தது என்ற செய்தியை மூளையில் வாங்கும் கலங்களுக்கும் பிசிர் தேவை. அதனால் "வாயைக் கட்டு" என்று அந்தப் பிள்ளையை ஏசுவதில் எனக்கு உடன்பாடில்லை, அவனுக்கு உண்மையிலேயே பசிக்கிறது.

1920இல் பார்டெட், 1922இல் பீடில் என்ற இரண்டு டொக்டர்கள் எழுதியதால் இதற்கு பார்டெட்-பீடில் நோய் என்று பெயர். பிசிருக்குள் ஏற்பிகளை (செய்தியை வாங்கும் புரதங்களை) ஏற்றி இறக்கும் புரதக் கூட்டத்தில் ஒன்று பழுதாவதுதான் பெரும்பாலும் காரணம். அரிய நோய்தான், ஐரோப்பாவில் லட்சத்துக்கும் மேற்பட்ட பிறப்புகளில் ஒன்று. ஆனால் ஒரு சிறு கூட்டத்துக்குள்ளேயே நெடுங்காலம் சம்பந்தம் செய்துவந்த கனடாவின் நியூபவுண்ட்லாந்துத் தீவில் ஏறத்தாழ 17,000இல் ஒன்று.

இதைச் சொன்னால் எங்கள் ஊரில் சிலருக்குக் கோபம் வரும். மச்சான் மச்சாள் கலியாணம் கூடாது என்று நான் சொல்லவில்லை, அப்படிக் கட்டியவர்களில் பெரும்பாலானோரின் பிள்ளைகள் சுகமாகத்தான் இருக்கிறார்கள். ஒரே பழுதான அலகைத் தாயும் தகப்பனும் மறைவாக வைத்திருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 25 சதவீத வாய்ப்பு, சொந்தத்துக்குள் கட்டும்போது இருவரிடமும் அதே அலகு இருக்கும் சாத்தியம் கூடுகிறது, அவ்வளவுதான். ஆகவே டொக்டர் "சொந்தமா?" என்று கேட்டால் குற்றம் சாட்டுகிறார் என்று நினைத்து "இல்லை" என்று சொல்லிவிடாதீர்கள்.

ஆறு விரலோடு பிறக்கும் பிள்ளைகளில் அநேகருக்கு வேறொரு குறையும் இராது, அதைக் கண்டதும் பதறத் தேவையில்லை. ஆனால் அதோடு பருமனோ, பொழுது பட்டால் தடுமாற்றமோ, ஓயாத தாகமோ சேர்ந்தால் எல்லாக் கொப்பிகளையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு ஒரே ஆளிடம் போங்கள். விழித்திரைச் சோதனையும் வேண்டும். சிறுநீரகத்துக்கு ஸ்கானும் கிரியற்றினின் என்ற இரத்தச் சோதனையும் இரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த நோயில் கடைசியில் ஆளை விழுத்துவது பெரும்பாலும் சிறுநீரகம், அது சத்தம் போடாமல் பழுதாகும். பார்வையைத் திருப்பித்தர இன்று மருந்தில்லை. ஆனால் கண் மங்குவது முதலே தெரிந்தால் பள்ளிக்கூடத்தில் முன்வாங்கு, பெரிய எழுத்து, வேளைக்கே பிரெயில் என்று ஒழுங்கு செய்யலாம்.

எல்லாம் கதைத்து முடிந்து எழும்பும்போது அம்மா கதவடியில் நின்றுவிட்டார். வீட்டில் நாலு வயதுத் தங்கச்சி இருக்கிறாளாம். அவளுக்கு விரல் என்று சொல்ல முடியாது, சுண்டுவிரலோரம் ஒரு சதைத் துண்டுதான், நூல் கட்டி விழுத்தினதாம். அடுத்த செவ்வாய்க்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு வரச்சொல்லி நான்காவதாக ஒரு கொப்பி போட்டேன்.