ஓட்டை அடைச்சாச்சு, சரி. வால்வு?

போன மாதம் பந்து விளையாடும்போது மயங்கி விழுந்த ஒரு பெடியனைக் கொண்டுவந்தார்கள். இருபது வயது. ஈ.சி.ஜி.யில் துடிப்பு தறிகெட்டு ஓடியது. சேர்ட்டை விலக்கினால் நெஞ்சின் நடுவே நீளமாக ஒரு பழைய தழும்பு.

"உமக்கு என்ன வருத்தம் தம்பி?"

அவன் தாயைப் பார்த்தான்.

"அது சின்னனிலேயே சரியாக்கியாச்சு டொக்டர். இருதயத்து ஓட்டை அடைச்சாச்சு."

இந்த 'அடைச்சாச்சு'வை இந்த வருடம் எத்தனை பேரிடம் கேட்டுவிட்டேன்! இதே தாய்தான் 2007இல், யுத்தத்தால் யாழ்ப்பாணத்துக்கான ஏ-9 பாதை மூடிக்கிடந்தபோது, நீலம் பாரித்த பிள்ளையைக் கப்பலில் திருகோணமலைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கொழும்பு சேர்த்தவர். பதின்மூன்று வயது வரை ஒரு கிளினிக்கும் தவறவில்லை. "இனிப் பெரியாக்களின்ரை கிளினிக்குக்குப் போங்கோ" என்று அனுப்பியபின், ஏழு வருடமாக ஒரு எக்கோகூட (இருதய ஸ்கேன்) இல்லை. துண்டை எழுதிக் கையில் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று இருக்கும் எங்கள் ஆட்களிலும் எனக்குக் கோபம்தான்.

அவனுக்கு இருந்தது நாங்கள் டி.ஓ.எஃப் (டெட்ராலஜி ஒஃப் ஃபலோ) என்று சொல்லும் பிறவி இருதய நோய். ஓட்டையை அடைப்பதோடு, நுரையீரலுக்குப் போகும் ஒடுங்கிய வழியையும் அகட்டுவார்கள். அப்போது பலருக்கு அங்குள்ள வால்வு ஒழுகத் தொடங்கும். தகப்பன் தோட்டக்காரர்; அவருக்கு இப்படித்தான் சொன்னேன்: இறைக்கிற மிசினுக்கு, குழாயின் அடியில் தண்ணீர் திரும்பாமல் தடுக்கிற புட் வால்வு ஒழுகினால் என்ன நடக்கும்? தண்ணீர் திரும்பக் கிணற்றுக்குள். மிசின் சும்மா கிடந்து உழைக்கும். அதுபோல வலது பக்க இருதயம் வருடக்கணக்காகச் சத்தமில்லாமல் வீங்கும். பிள்ளை ஓடுவான், ஏ.எல். பரீட்சை எழுதுவான், ஒன்றும் தெரியாது. சிலருக்கு இருபது, முப்பது வயதில் புது வால்வே போடவேண்டிவரும். சத்திரசிகிச்சை பிழையாகப் போனது என்று அர்த்தமில்லை. இந்த நோயின் போக்கே அதுதான்.

பன்னிரண்டு வயதிலிருந்து பிள்ளையைப் பேசவிடுங்கள். அம்மாமாரே, நீங்கள் கொஞ்சம் வாயை மூடுங்கள். நோயின் பெயரும் குளிசையின் பெயரும் அவனுக்குத் தெரியவேண்டும். கிளினிக் கொப்பியையும் டயக்னோசிஸ் கார்டையும் போனில் படம் எடுத்து வையுங்கள். பல் பிடுங்கப் போனால் நெஞ்சில் செய்த சத்திரசிகிச்சையைச் சொல்லுங்கள், சிலருக்கு முதலே அன்ரிபயோட்டிக் தேவைப்படும். படபடப்போ மயக்கமோ வந்தால் சோடா குடித்துப் பார்க்கவேண்டாம், உடனே வாருங்கள்.

பெண்பிள்ளை என்றால் கலியாணப் பேச்சில் தழும்பை மறைக்கிறீர்கள். விளங்குகிறது. ஆனால் பிள்ளைத்தாச்சியாகி ஏழாம் மாதத்தில் மூச்சிளைத்து வரும்போதா எனக்கு அது தெரியவேண்டும்? கருத்தரிக்க முதல் ஒருதடவை காட்டுங்கள்.

கொப்பி தொலைந்துவிட்டது, டொக்டர் ஏசுவார் என்று வராமல் இருக்காதீர்கள். ஏசுவேன்தான். வெறுங்கையோடு வந்தாலும் தழும்பைப் பார்த்து, ஒரு எக்கோ எடுத்து, அங்கிருந்து தொடங்கலாம்.