தோற்றவனின் கலண்டர்

கழுத்து வலி என்று சொல்லித்தான் வந்தான். இருபத்திரண்டு வயது. விசுவமடுவுக்கு உள்ளே ஒரு கிராமம். பகலில் உழவு இயந்திரம் திருத்தும் கராஜில் வேலை, மாலையில் தகரக் கொட்டகை ஒன்றில் குத்தும் உதையுமான சண்டைப் பயிற்சி. (ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஒன்பது நாளுக்கு முன், நான்கு ஆண்டுகளாக யாராலும் வீழ்த்த முடியாத ஒருவனோடு மேடையேறியிருக்கிறான். இரண்டாம் சுற்றில் காதோரம் ஓர் உதை. விழுந்தது அவனுக்கு நினைவில் இல்லை. "பத்து செக்கன்தான் சேர். எழும்பி நானே நடந்து வந்துவிட்டேன்" என்றான்.

பின்னால் நின்ற அம்மா மெதுவாகச் சொன்னார்: "ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்கிறான் ஐயா. முந்தாநாள் எங்கள் ஒழுங்கையைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தான்."

கழுத்தை விட்டுவிட்டுத் தலைக்கு வந்தேன். அவன் பேச்சோ அடுத்த போட்டிக்குப் போய்விட்டது. மூன்று கிழமையில் இன்னொரு மேடை இருக்கிறதாம். அதில் வென்றால்தான் அந்தச் சாம்பியனோடு மறுபடி மோத விடுவார்களாம். போகலாமா என்று கேட்டான். நான் வாய் திறக்கும் முன்பே கைத்தொலைபேசியை நீட்டினான். "வொல்கனோவ்ஸ்கி போகவில்லையா?"

யூஎஃப்சி என்ற, குத்தும் உதையும் மல்யுத்தமும் கலந்த சண்டைப் போட்டியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அலெக்சாண்டர் வொல்கனோவ்ஸ்கி ஓர் அவுஸ்திரேலியர். ஒரு காலத்தில் ரக்பி விளையாடியவர். 66 கிலோ பிரிவில் சாம்பியனாக இருந்தபடியே, 2023 பெப்ரவரியில் பேர்த் நகரில், 70 கிலோ பிரிவின் சாம்பியன் இஸ்லாம் மகாச்சேவை எதிர்த்தார். ஐந்து சுற்றும் தாக்குப்பிடித்து, புள்ளிகளில் தோற்றார். அதே ஆண்டு ஒக்டோபரில் மகாச்சேவின் எதிராளி பயிற்சியில் புருவம் கிழிந்து விலக, இரண்டு கிழமைகூட இல்லாத அறிவிப்பில் வொல்கனோவ்ஸ்கி அபுதாபிக்குப் பறந்தார். முதல் சுற்றிலேயே தலையில் உதை விழுந்தது. அத்தோடு முடிந்தது. என் முன்னால் இருந்த பையனின் மனதில் நின்றது பறந்து போன வீரம் மட்டுமே.

மருந்துத் துண்டைத் திருப்பி வைத்துத் திகதிகளை எழுதினேன். 2023 ஒக்டோபர் 21, தலையில் உதை. 2024 பெப்ரவரி 17, இலியா டொப்பூரியாவோடு போட்டி. இடையில் 119 நாள். அதில் போட்டிக்கான தயாரிப்புக்கு எட்டுக் கிழமையைக் கழித்தால், தலை ஓய்ந்திருக்கக் கிடைத்தது இரண்டு மாதம்தான். இரண்டாம் சுற்றில் வொல்கனோவ்ஸ்கிக்கு மறுபடியும் நொக்அவுட், 66 கிலோ பட்டமும் போனது. அதன் பிறகு அவர் 2025 ஏப்ரல் 12 வரை மேடைப் பக்கமே வரவில்லை. அது 420 நாள். வந்தார், டியாகோ லோப்பசைப் புள்ளிகளில் வென்றார், இழந்த பட்டத்தை 36 வயதில் திரும்பப் பெற்றார்.

119 நாள் போதாததால்தான் தோற்றார் என்று நான் சாதிக்க மாட்டேன். டொப்பூரியா நன்றாக ஓய்வெடுத்தவனையும் படுக்கவைக்கக்கூடியவர். ஆனால் தோற்ற வீரனைப் பற்றிப் பேசும் எல்லோரும் அடுத்து யாரோடு மோதுவான் என்றே கேட்கிறார்கள். எப்போது மோதுவான் என்று கேட்பது மருத்துவரும் தாயும் மட்டும்தான். அவனுடைய எதிர்காலம் பெரும்பாலும் அந்த "எப்போது" என்பதற்குள்தான் கிடக்கிறது.

நொக்அவுட் என்பது மூளை அதிர்ச்சி. மூளை மண்டையோட்டுக்குள் திரவத்தில் மிதக்கிறது. உதை விழுந்து தலை சடாரெனத் திரும்பும்போது மூளை அதே கணத்தில் திரும்புவதில்லை, நரம்பிழைகள் இழுபடுகின்றன. கலங்களுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே கசிகிறது, வெளியே நிற்க வேண்டிய கல்சியம் உள்ளே நுழைகிறது. இதைச் சீராக்க மூளைக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் சக்தி வேண்டும். அந்த நேரம் பார்த்து அதற்குப் போகும் இரத்தம் குறைந்துவிடுகிறது. "ரேடியேற்றர் வற்றிய எஞ்சினைத் தண்ணீர் விடாமல் மறுபடி வயலில் இறக்குவாயா?" என்று கேட்டேன். "எஞ்சின் இறுகிவிடும் சேர்" என்று சிரித்தான். அந்த நாளில் அவன் முகத்தில் நான் கண்ட முதல் சிரிப்பு அது.

அவன் உடனே கேட்ட அடுத்த கேள்வி, எல்லோரும் கேட்பதுதான்: "ஸ்கான் எடுத்து ஒன்றும் இல்லையென்றால் போகலாம்தானே?" போக முடியாது. சிடி ஸ்கான் இரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். நான் மேலே சொன்ன பொட்டாசியக் கசிவும் நரம்பிழை இழுபடலும் அதில் தெரியாது. மூளை அதிர்ச்சி வந்த பெரும்பாலானோரின் ஸ்கான் சுத்தமாகத்தான் இருக்கும். "ரிப்போர்ட் நோர்மல்" என்ற இரண்டு சொல்லை நம்பி மறுநாளே கொட்டகைக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வன்னியில் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டியிருக்கிறது. வேறு ஊர் மருத்துவர்களுக்கு அது தோன்றாமல் போகலாம். "உடம்பில் போர்க்கால எறிகணைத் துண்டு (செல் துண்டு) ஏதும் இருக்கிறதா?" இவனுக்கு 2009இல் ஆறு வயது. மாத்தளனில் பட்டதாக அம்மா சொன்னார். பின்மண்டைத் தோலுக்குக் கீழே அரிசியளவில் ஒன்று இன்னும் இருக்கிறது. எம்ஆர்ஐ இயந்திரத்தின் காந்தப் புலத்தில் இரும்புத் துண்டு அசையலாம், சூடேறலாம். ஆகவே எம்ஆர்ஐ எழுதித் தந்தால் இதை நீங்களாகவே சொல்லிவிடுங்கள். வெட்கப்படவோ மறைக்கவோ இதில் எதுவுமில்லை. அந்த வயதில் மயங்கி விழுந்தானா, எத்தனை நேரம் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொண்டேன். முன்பு அடிபட்ட தலையா என்பதைப் பொறுத்து ஓய்வுக் காலமும் நீளும்.

அடிபட்ட அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள் இவை: திரும்பத் திரும்ப வாந்தி, நேரம் போகப்போகக் கூடும் தலைவலி, எழுப்பினாலும் எழும்பாத தூக்கம், வலிப்பு, பேச்சுக் குழறல், ஒரு கை காலில் பலவீனம், இரண்டு கண்மணிகளில் ஒன்று மட்டும் பெரிதாகத் தெரிவது. இதில் ஒன்று கண்டாலும் 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் காசில்லை. மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்திக் கொண்டுபோகாதீர்கள். முதல் இரண்டு நாளும் வலிக்குப் பனடோல் போதும். அஸ்பிரின், இபுப்ரோஃபன் வேண்டாம், இரத்தக் கசிவு இருந்தால் அதைக் கூட்டும். சாராயம் வேண்டவே வேண்டாம். தோற்றவனைத் தேற்றுகிறோம் என்று முதலில் அதைத்தான் ஊற்றிக் கொடுக்கிறார்கள்.

அமெரிக்காவில் மாநில விளையாட்டு ஆணையங்கள், நொக்அவுட் ஆனவரை வழமையாக 60 நாள் போட்டியிலிருந்தும் 45 நாள் உடல்மோதும் பயிற்சியிலிருந்தும் இடைநிறுத்துகின்றன. பெயர் பதிவில் ஏறிவிடும். பக்கத்து மாநிலத்தில் போய் மோதலாம் என்றால் நடக்காது. இங்கே கிளிநொச்சியில் விழுந்தவன் அடுத்த கிழமை வவுனியாவில் மேடையேறினால் யாருக்குத் தெரியும்? ஒருமுறை என்னை மேடையோர மருத்துவராக அழைத்திருந்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள், நன்றியுரையில் இருமுறை பெயர் சொன்னார்கள். ஸ்ட்ரெச்சர் எங்கே என்று கேட்டேன். சிற்றுண்டி வைத்திருந்த மேசையைக் காட்டினார்கள்.

ஆகவே பதிவேட்டு வேலையை நான் துண்டில் எழுதிக் கொடுக்கிறேன். முதல் ஓரிரு நாள் நிதானமான ஓய்வு; இருட்டறையில் கிடக்கத் தேவையில்லை, நடக்கலாம். பிறகு மெல்லிய சைக்கிள் ஓட்டம். பிறகு தலையில் எதுவும் படாத தனிப்பயிற்சி. பிறகு இன்னொருவர் கையில் பிடிக்கும் பாட் மெத்தையிலும் தொங்கும் பையிலும் அடித்துப் பழகுவது. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். தலைவலி திரும்பினால் ஒரு படி கீழே. அறிகுறி எல்லாம் அடங்கி, மருத்துவர் பார்த்த பிறகுதான் ஸ்பாரிங், அதாவது இன்னொருவனோடு மோதிப் பழகுவது. கால்பந்துக்காரனுக்கு இது சில கிழமைகளில் முடிந்துவிடலாம். எதிராளியின் நோக்கமே உன் தலையாக இருக்கும் விளையாட்டில் நான் மூன்று மாதத்துக்குக் குறைய எழுதுவதில்லை. அது என் கணக்கு. இன்னொரு மருத்துவர் கூடவும் எழுதலாம்.

உண்மையில் என் பெரிய கவலை போட்டியைப் பற்றியதல்ல. போட்டி ஆண்டுக்கு நான்கு. ஸ்பாரிங் கிழமைக்கு நான்கு. தலைக்கவசம் போட்டால் போதும் என்று மாஸ்டர்மார் நினைக்கிறார்கள். அது தோல் கிழியாமல் காக்கும். உள்ளே மூளை திரும்புவதைத் தடுக்காது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண் குத்துச்சண்டை வீரர்கள் கவசமே இல்லாமல்தான் மோதினார்கள். வொல்கனோவ்ஸ்கியிடமே மூன்று முறை (2019, 2020, 2022) தோற்ற மெக்ஸ் ஹொலோவேயைப் பாருங்கள். 2021 ஜனவரிப் போட்டிக்கு ஸ்பாரிங் செய்யாமலே தயாரானதாக அவரே சொன்னார். மூன்றாம் தோல்வி ஒருபக்கமாகவே போனது. அதன் பின் ஒன்பது மாதம் கழித்து வந்து வென்றார். 2024 ஏப்ரலில், தன் எடைப் பிரிவுக்கு மேலே ஏறி, ஜஸ்டின் கேத்ஜியைக் கடைசிச் சுற்றின் கடைசி செக்கனில் வீழ்த்தினார்.

எல்லோருக்கும் அப்படி வாய்க்காது என்பதையும் அவனிடம் சொன்னேன். யூஎஃப்சியின் 57 கிலோ பட்டத்துக்காக மோதி, டிமிட்ரியஸ் ஜோன்சனிடம் 2012இலும் 2013இலும் தோற்ற ஜோசப் பெனவிடெஸுக்குக் கடைசிவரை அந்தப் பட்டம் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்த எடையில் மிகச் சிறந்தவர்களில் ஒருவர் என்ற பெயரோடுதான் 2021இல் விலகினார். "இரண்டாமவன்" என்பது அவனுக்கு வசவாகக் கேட்டது. எனக்கு அப்படிக் கேட்கவில்லை.

எடைப் பிரிவு என்றதும் அவன் கண் விரிந்தது. "நான் கீழே இறங்கட்டுமா சேர்? ஐந்து கிலோ குறைத்தால் அந்தப் பிரிவில் சாம்பியன் அவன் இருக்க மாட்டான்." எப்படிக் குறைப்பாய் என்று கேட்டேன். பிளாஸ்ரிக் பையைப் போட்டுக்கொண்டு இரணைமடுக் குளக்கட்டில் நண்பகலில் ஓடுவானாம். 2015 டிசம்பரில் மணிலாவில் 21 வயதுச் சீன வீரர் யாங் ஜியான்பிங் எடை குறைக்கப் போய் இறந்தார். அதன் பிறகே அவர் மோதவிருந்த போட்டியை நடத்திய நிறுவனம் நீரிழப்பால் எடை குறைப்பதைத் தடை செய்தது. நம் வெயிலுக்கு அதைவிட அவசரம் அதிகம். மேல் பிரிவுக்குப் போ என்றேன். அம்மாவுக்கு அது பிடித்திருந்தது, சோறு போடலாம்.

அவன் துண்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். வாக்குத் தரவில்லை. மூன்று கிழமை கழித்து, அந்தப் போட்டி நாளன்று, தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு. அவனுடைய மாஸ்டர். "சேர், அவனை மற்றப் பொடியன்களுக்குப் பாட் பிடிக்க விடலாமா? சும்மா இருக்க மாட்டேன் என்கிறான்."

"உதைக்குப் பிடிக்க வேண்டாம், குத்துக்கு மட்டும்" என்றேன். "நெஞ்சு உயரத்துக்கு மேலே தூக்க விடாதீர்கள்."