என் வயல் முழுகிப்போச்சு, இன்சூரன்ஸ் ஏன் வரல?

டெல்டாவில் மழை வெள்ளம் வடிந்ததும் எங்கள் வேளாண் விரிவாக்க மையத்துக்கு வரும் முதல் கேள்வி இதுதான். போன வாரமும் ஒரு கடைமடை விவசாயி, பிரதமர் பயிர் காப்பீட்டுத் திட்டத்துக்குப் பிரீமியம் கட்டிய ரசீதோடு வந்தார். பக்கத்து ஊருக்கு வந்திருக்கிறது, அவர் ஊருக்கு இல்லை. "இனிமே ஒரு பைசா கட்ட மாட்டேன் சார்" என்றார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பணம் வாங்கும்போது விதியை யாரும் சொல்லவில்லை, அதுதான் எனக்கு ஆத்திரம்.

பலரும் நினைப்பது, மோட்டார் பைக்குக்கு இருப்பது மாதிரி என் வயலுக்கு ஒரு பாலிசி, என் வயல் கெட்டால் எனக்குப் பணம் என்று. நெல்லுக்குப் பெரும்பாலும் அப்படிக் கிடையாது. கணக்கு ஊருக்கு. வருவாய்க் கிராமத்தில் சில வயல்களைக் குலுக்கல் முறையில் எடுத்து, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளந்து அறுத்து, எடை போட்டு ஊரின் சராசரி மகசூலைக் கண்டுபிடிக்கிறோம். கடந்த ஏழு வருடத்தில் நன்றாக விளைந்த ஐந்து வருடச் சராசரியை வைத்து ஏற்கெனவே ஓர் உத்தரவாத மகசூல் இருக்கும். உதாரணத்துக்கு அது ஹெக்டேருக்கு 2,000 கிலோ, ஊரில் கிடைத்தது 1,500 என்றால் காப்பீட்டுத் தொகையில் (உங்கள் பயிருக்குக் காப்பீடாகக் குறித்திருக்கும் மொத்தத் தொகையில்) 25 சதவீதம், உங்கள் வயல் நன்றாக விளைந்திருந்தாலும் வரும். ஊரில் 2,100 விளைந்துவிட்டால், பள்ளத்தில் இருக்கிற உங்கள் வயல் அழுகியே போனாலும் வராது. கொடுமைதான், ஆனால் விதி அது.

தனி வயலைப் பார்த்துக் கொடுக்க ஒரு வழி இருந்தது. 2018இல் நெல் வயல் நீரில் மூழ்குவதை அதிலிருந்து எடுத்துவிட்டார்கள், மதிப்பிடுவது கஷ்டம் என்று. நெல்லை நம்பி வாழும் நாகப்பட்டினத்துக்கும் திருவாரூருக்கும் அது எவ்வளவு பெரிய மாற்றம்! எத்தனை ஊரில் தண்டோரா போட்டுச் சொன்னோம்? எங்கள் துறையையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். 2020இல் இன்னொரு மாற்றம், கடன் வாங்கியவருக்கும் காப்பீடு கட்டாயமில்லை என்று. நம்பிக்கை ஏற்கெனவே போயிருந்ததால் விலகச் சாக்குத் தேடியவர்களுக்கு அது வசதியாகிவிட்டது.

இப்போது திரும்ப மாற்றம். 2026 காரிஃப் பருவத்திலிருந்து (தென்மேற்குப் பருவமழையோடு தொடங்கும் சாகுபடி) நெல் மூழ்குவதை மறுபடி சேர்ப்பதாக மத்திய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது, காட்டு விலங்குச் சேதத்தையும் சேர்த்து. ஆனால் மாநில அரசின் அறிவிக்கையில் அந்தப் பிரிவு இருந்தால்தான் நமக்குச் செல்லும். பணம் கட்டும் முன் உங்கள் ஊருக்கு அது உண்டா என்று வேளாண் உதவி அலுவலரிடம் கேளுங்கள், பதில் வரும்வரை கேளுங்கள்.

அப்புறம், தனி வயலுக்குக் கேட்பதானால், சேதம் நடந்து 72 மணி நேரத்துக்குள் தகவல் போயாக வேண்டும். 14447க்குப் போன் செய்யலாம், அல்லது பயிர் காப்பீட்டுச் செயலியில் இடக்குறிப்போடு போட்டோ ஏற்றலாம். தண்ணீர் வடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், தண்ணீர் நிற்கும்போது எடுங்கள். அறுத்துக் காயப்போட்ட நெல் பருவம் தவறிய மழையில் நனைந்தாலும் 14 நாள்வரை கேட்க வழி உண்டு, அங்கேயும் இதே 72 மணி நேரம். வி.ஏ.ஓ வந்து எழுதிக்கொண்டு போனாரே என்று சும்மா இருந்துவிடாதீர்கள், அது 33 சதவீதத்துக்கு மேல் சேதமானால் அரசு தரும் நிவாரணத்துக்கான கணக்கெடுப்பு, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அது போகாது.

ரசீதில் சர்வே எண்ணைப் பாருங்கள். அடங்கலில் (வி.ஏ.ஓ தரும் சாகுபடிக் கணக்கு) ஒன்று, ரசீதில் ஒன்று என்று இருந்தால் அன்றைக்கே திருத்துங்கள். கூட்டுறவு சங்கத்தில் கடன் இருக்கிறது, பிரீமியத்தை அவர்களே பிடித்திருப்பார்கள் என்று நம்பிவிட வேண்டாம். குத்தகைக்காரர்கள் சாகுபடிச் சான்றைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். தேதியை நீட்டிப்பார்கள் என்று இ-சேவை மையத்தில் கடைசி நாள் ராத்திரி வரிசையில் நிற்பதை வருடா வருடம் பார்க்கிறேன், சர்வர் நின்றுபோனால் யாரைக் கேட்பீர்கள்?

சம்பாவுக்கு நீங்கள் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம்தான். கோபத்தில் அதை விட்டுவிடாதீர்கள் ஐயா, தயவுசெய்து. உங்கள் ஊரின் உத்தரவாத மகசூல் எவ்வளவு என்று அடுத்த கிராம சபையிலேயே எழுந்து கேளுங்கள், அதைச் சொல்ல வேண்டியது எங்கள் வேலை.