அழுத்தி ஊதினால் மேல்ஸ்தாயி வந்துவிடாது

மறுபடியும் ஒரு டிரம்பெட் பையன். கடலூரிலிருந்து அப்பாவோடு பஸ் ஏறி பாண்டிக்கு வந்திருந்தான். மேலுதட்டில் மவுத்பீஸ், அதாவது உதட்டில் வைத்து ஊதும் முனை, பதிந்த வட்டம் அப்படியே சிவந்து தடித்திருக்கிறது, உதட்டைப் புரட்டினால் உள்ளே பல் பதிந்து புண். என்ன வாசிக்கிறாய் என்றால், பரீட்சைக்காம், மேற்கத்திய இசையமைப்பாளர் ஹைடனின் டிரம்பெட் கன்செர்டோ, அதாவது ஆர்கெஸ்ட்ராவோடு ஒருவர் தனித்து வாசிக்கும் பெரிய பாட்டு. "மேல்ஸ்தாயி வரலைன்னா இன்னும் அழுத்தி ஊதச் சொன்னாங்க மாஸ்டர்."

அழுத்தினால் ஸ்வரம் ஏறாதுங்க! ஒலிப்பது உதட்டின் அதிர்வு. மேலே போக அந்த அதிர்வு வேகமாகணும், அதற்கு வாயோரத் தசையும் காற்றின் வேகமும் வேண்டும். மவுத்பீஸை வைத்து நசுக்கினால் அந்த நேரத்துக்கு ஒரு ஸ்வரம் கீச்சென்று வந்துவிடும், ஆளை ஏமாற்றுவதே அதுதான். அப்புறம் ரத்த ஓட்டம் தடைப்பட்டு உதடு மரத்துப்போகும், மரத்த உதடு அதிராது, அதிரவில்லையே என்று இன்னும் அழுத்துவான். முற்றினால் உதட்டுத் தசையே கிழியும். பையனுக்குத் தம் இருக்கிறது, ஊதிடுவான் என்று சொல்லும் அப்பாக்களே, தம் மட்டும் போதாது.

இந்தப் பாட்டுகளை எழுதியவர்கள் ஊதப்போகிறவரைப் பார்த்து எழுதினார்கள். 1796-ல் ஹைடன் இந்த கன்செர்டோவை எழுதியது வியன்னா அரசவை டிரம்பெட் கலைஞர் ஆன்டன் வைடிங்கருக்காக. அதுவரை டிரம்பெட்டில் கீழ்ஸ்தாயியில் வரிசையாக ஸ்வரம் வாசிக்க வழியில்லை. வைடிங்கர் குழாயில் துளை போட்டு, அதை விரலால் திறந்து மூடும் சாவி பொருத்திய டிரம்பெட்டை வைத்திருந்தார், அதனால்தான் ஹைடன் அந்த மெட்டைப் படிப்படியாக ஏற விடுகிறார். அத்தனை தேர்ந்தவரே அதை மேடையேற்றியது 1800-ல்தான். ஹார்னும் டிரம்பெட் மாதிரி உதட்டால் ஊதும் பித்தளை வாத்தியம்தான்; மொசார்ட் ஹார்ன் கன்செர்டோக்களை எழுதியது ஹார்ன் வாசிக்கும் நண்பர் லாய்ட்கேபை மனதில் வைத்து. 1791-ல் அவர் முடிக்காமல் விட்ட கடைசி கன்செர்டோவில் உச்ச ஸ்வரங்கள் குறைவு, லாய்ட்கேபுக்கு அப்போது அறுபதை நெருங்கும் வயது. இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் அப்பா மியூனிக் அரசவையின் முதன்மை ஹார்ன் கலைஞர், அந்த ஒலியிலேயே வளர்ந்த பிள்ளை பதினெட்டு வயதில் ஹார்னுக்கு ஒரு கன்செர்டோ எழுதினார். அதன் உச்ச ஸ்வரங்கள் மேடைக்கு ஆபத்து என்று அப்பாவே ஒதுங்கிக்கொண்டார். அவரே ஒதுங்கினார் என்றால் நம் பிள்ளைக்கு என்ன அவசரம்?

சரி, செய்ய வேண்டியது. வலது சுண்டுவிரலை டிரம்பெட்டின் மேலே இருக்கும் விரல் கொக்கியிலிருந்து எடு, அதில் மாட்டி இழுத்துத்தான் அழுத்தமே வருகிறது. ஊதிய நேரம் அளவுக்கு ஓய்வும் கொடு. உதடு மரத்தால் டிரம்பெட்டைப் பெட்டியில் வைத்துவிடு, அன்றைக்கு அவ்வளவுதான். மாதா கோயில் தேருக்கு நடந்துகொண்டே ஊதுகிற பேண்டு பசங்களே, ஒவ்வொரு அடிக்கும் மவுத்பீஸ் உதட்டில் இடிக்கும், முறை வைத்து மாற்றி மாற்றி ஊதுங்கள். பல்லுக்குக் கம்பி போடப்போகிறவர்கள் பல் டாக்டரிடம் டிரம்பெட் வாசிப்பதை முன்னாலேயே சொல்லுங்கள், கம்பிமேல் வைக்க மெழுகு தருவார்.

பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். புண் ஆறும்வரை பரீட்சையைத் தள்ளிப் போடுங்கள், தயவுசெய்து.