பழைய ஏர்கன் கண்காட்சிக்குப் போகிறீர்களா? மடக்கும் முன் கேளுங்கள்

போன கண்காட்சி முடிந்த மறுநாள் காலை, நான் பட்டறைக் கதவைத் திறக்கும்போதே ஒருவர் வெளியே காத்திருந்தார். வலது கட்டைவிரலில் பெரிய கட்டு, இடது கக்கத்தில் துணியில் சுற்றிய ஒரு டயானா 27 ஏர்கன். முந்தைய நாள்தான் ஆசை ஆசையாக வாங்கியிருக்கிறார். "வீட்டுக்குப் போனதும் குழலை மடக்கிப் பார்த்தேங்க. ரவை போடுற பின்வாயில கட்டைவிரலை வச்சுத் தடவிக்கிட்டிருந்தேன், இன்னொரு கை ட்ரிகர்ல பட்டுடுச்சு" என்றார். குழல் படாரென்று மேலே எழும்பி மூடிக்கொண்டதில் நகம் முழுசாகப் போய்விட்டது, எலும்பு தப்பியது. துப்பாக்கியும் தப்பவில்லை. குழல் லேசாக மேல்நோக்கி வளைந்திருந்தது, மரக்கட்டையின் முன்பக்கத் திருகுகளைச் சுற்றி விரிசல் ஓடியிருந்தது.

இருபது வருடத்துக்கும் மேலாகப் பழைய ஏர்கன்களைப் பழுது பார்க்கிறேன். என் பட்டறைக்கு வரும் உடைந்த துப்பாக்கிகளுக்கும் கட்டுப் போட்ட விரல்களுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: கையில் எடுத்ததும் மடக்கி, ட்ரிகரை இழுத்துப் பார்க்கும் பழக்கம். கண்காட்சி மேசையில் அந்த ஆசை இன்னும் அதிகமாக வரும், எனக்கும் வரும். அதனால்தான் இதை எழுதுகிறேன். விற்பவரைக் கேட்காமல் எதையும் மடக்காதீர்கள். கேட்டு மடக்கினாலும் குழலிலிருந்து கையை எடுக்காதீர்கள். ரவை, அதாவது ஏர்கனில் போடும் சின்ன ஈயக் குண்டு, போடாமல் சுடவே சுடாதீர்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இது தானாகவே புரியும். ஸ்பிரிங் ஏர்கனில் அடைத்து வைத்த காற்று எதுவும் கிடையாது. குழலை மடக்கும்போது ஒரு கனமான ஸ்பிரிங் அழுந்துகிறது, பிஸ்டன் பின்னால் போய் ஒரு கொக்கியில் மாட்டி நிற்கிறது. ட்ரிகர் அந்தக் கொக்கியை விடுவித்ததும் பிஸ்டன் முன்னால் பாய்ந்து காற்றை நசுக்கி ரவையைத் தள்ளுகிறது. அந்த ஸ்பிரிங்கை வெறும் கையால் யாராலும் அழுத்திவிட முடியாது. குழல் நீளமான நெம்புகோலாக வேலை செய்வதால்தான் நமக்கு அது சுலபமாகத் தோன்றுகிறது. குழல் திறந்திருக்கும்போது ட்ரிகர் விட்டுக்கொடுத்தால் அந்த முழு விசையும் அதே நெம்புகோல் வழியாகத் திரும்பி வரும், கண் இமைப்பதற்குள். பிற்காலத்தில் வந்த பல மாடல்களில் குழல் திறந்திருந்தால் ட்ரிகர் வேலை செய்யாதபடி ஒரு தடுப்பு இருக்கிறது. பழையவற்றில் பெரும்பாலும் அது இல்லை. அதோடு ஐம்பது அறுபது வருடம் தேய்ந்த கொக்கியின் விளிம்பு எவ்வளவு பிடிக்கும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ட்ரிகரைத் தொடக்கூட வேண்டியதில்லை, மேசையில் லேசாக இடித்தாலே சில துப்பாக்கிகள் விட்டுவிடும்.

அதே கண்காட்சியில் இதை நேரிலும் பார்த்தேன். கல்லூரி வயதுப் பையன் ஒருவன், குழல் மடக்கும் ஒரு பழைய துப்பாக்கியை எடுத்தான், மடக்கினான், குழலை விட்டுவிட்டு அதன் பின்வாயில் கண்ணை வைத்து வெளிச்சத்தைப் பார்க்கக் குனிந்தான். நான் அவன் முகத்துக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் கையை நீட்டிக் குழலைப் பிடித்துக்கொண்டேன். "தம்பி, முகத்தை எடு. ட்ரிகர்ல இருந்து விரலையும் எடு." விற்பவர் வாங்கிக்கொண்டு, குழலை ஒரு கையால் இறுக்கிப் பிடித்து, ட்ரிகரை இழுத்து, மெதுவாக அதை மேலே வரவிட்டார். அந்த வேலையை அந்தத் துப்பாக்கியைத் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும். மடக்கி வைத்த ஏர்கன் உங்கள் கைக்கு வந்தால் நீங்களாக இறக்க முயலாமல், வாயைத் தரைப் பக்கம் திருப்பி அப்படியே அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

சரி, குழலை மூடிவிட்டுக் காலியாகச் சுட்டால் என்ன? ரவை இருந்தால் அதன் பின்னால் நசுங்கும் காற்று பிஸ்டனுக்கு ஒரு மெத்தை. ரவை இல்லையென்றால் காற்று தடையில்லாமல் வெளியே போய்விடும், பிஸ்டன் போய் உருளையின் முடிவில் மோதும். பிஸ்டன் முனையில் காற்று கசியாமல் அடைக்கும் பழைய தோல் வாஷர் காய்ந்து கிடந்தால் அந்த அடியிலேயே பொடிந்துவிடும், ஸ்பிரிங்கும் உடையலாம். ஒரு நாளில் பத்துப் பேர் மேசைக்கு வந்து ஆளுக்கு ஒரு தடவை "டப்" என்று விட்டுப் பார்த்தால், நூறு வருடம் தாங்கிய பொருளை அன்று மாலைக்குள் நாமே உடைத்துவிடுகிறோம். எனக்கு உண்மையாகவே வயிறு எரியும் இடம் இது.

குழல் மடங்காத துப்பாக்கிகளில் ஆபத்து வேறு மாதிரி ஒளிந்திருக்கிறது. 1904-ல் பர்மிங்காமைச் சேர்ந்த லிங்கன் ஜெஃப்ரீஸ் காப்புரிமை வாங்கிய வடிவம் ஒன்று உண்டு. குழல் அசையாது, அடியில் இருக்கும் லிவரை இழுத்துத்தான் ஸ்பிரிங்கை ஏற்ற வேண்டும். பி.எஸ்.ஏ. நிறுவனம் அதைத் தயாரித்தது, பின்னால் வெப்லி மார்க் 3 ரைஃபிளும் இதே வழியில் வந்தது. இவற்றில் ரவையை மேலே ஒரு சின்ன உருளையில் போட்டு, தண்ணீர்க் குழாயைத் திருகுவது போலத் திருப்பினால் அது குழலுக்கு நேராக வந்துவிடும். அழகான வேலைப்பாடு, நான் மிகவும் நேசிக்கும் வடிவம். ஆனால் உருளையைத் திருப்பிய பிறகு உள்ளே ரவை இருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. "காலிதான் சார், பத்து வருஷமா யாரும் தொடல" என்று ஒருவர் கொண்டுவந்த மார்க் 3-ஐ நான் முதலில் வாய்ப்பக்கமிருந்து பித்தளைக் கம்பி விட்டுப் பார்த்தேன். கம்பி வழியிலேயே நின்றது. தட்டித் தட்டி எடுத்தபோது வெள்ளை பூத்த ஒரு ஈய ரவை வந்து விழுந்தது. பத்து வருடமாக அந்தத் துப்பாக்கி அவர் வீட்டு வரவேற்பறைச் சுவரில் தொங்கியிருக்கிறது.

கையால் பம்ப் அடிக்கும் பெஞ்சமின், ஷெரிடன் வகைகளிலும் கவனம் வேண்டும். வால்வு இறுக்கமாக இருக்கட்டும் என்று ஒன்றிரண்டு பம்ப் காற்றை உள்ளே விட்டுத்தான் பலர் வைத்திருப்பார்கள். அது சரியான பராமரிப்பு, அதனாலேயே மேசையில் இருக்கும் பம்ப் ஏர்கனுக்குள் காற்று இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கார்பன் டை ஆக்சைடு குப்பி போடும் கைத்துப்பாக்கிகளுக்கும் அதேதான்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் நேராகப் போவது டெய்சி மேசைக்கு. அதன் கதை அப்படி. அமெரிக்காவின் மிச்சிகனில் பிளைமவுத் என்ற ஊரில் காற்றாலை செய்துகொண்டிருந்த கம்பெனி, 1880-களில் காற்றாலை வாங்கும் விவசாயிகளுக்குக் கூடவே ஒரு ஏர்கன் கொடுக்க ஆரம்பித்தது. துப்பாக்கிக்குக் கிடைத்த வரவேற்பில் 1895-ல் கம்பெனியின் பெயரே டெய்சி ஆகிவிட்டது. பொம்மை மாதிரி இருப்பதால் அதைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அதில் போடும் எஃகு குண்டு ஈயம் போல நசுங்காது, கடினமான எதில் பட்டாலும் திரும்பி வரும், கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். சுட்டுக் காட்டும் இடத்துக்குப் போனால் பெரியவர்களும் பிள்ளைகளும் கண்ணாடி போட்டுக்கொண்டே நில்லுங்கள், வேடிக்கை பார்க்க என்றாலும்.

அப்போ, மடக்காமல் எப்படித்தான் பார்த்து வாங்குவது? மடக்கிப் பார்ப்பதைவிடக் கண்ணால் பார்ப்பதில்தான் அதிகம் தெரியும் என்பது என் அனுபவம். முதலில் திருகுகள். தலையில் உள்ள வெட்டு சிதைந்திருந்தால், சரியான கருவி இல்லாத யாரோ திறந்திருக்கிறார்கள். அப்புறம் எழுத்துகள். உலோகத்தில் பதித்த பெயரும் எண்ணும் ஓரம் மழுங்கித் தெரிந்தால், துருவைத் தேய்த்து எடுத்துப் புதிதாகக் கறுப்பு ஏற்றியிருக்கிறார்கள். பளபளப்பாக இருப்பதை நல்லது என்று நினைக்காதீர்கள், சேகரிப்பவருக்கு அந்தப் பழைய மங்கல் நிறம்தான் வேண்டும், ஒருமுறை தேய்த்தால் அது திரும்ப வராது. பழைய பி.எஸ்.ஏ.யில் 2 என்ற எண் பதித்திருந்தால் அது .22 அங்குல உள்விட்டக் குழல், 1 என்றால் .177. டயானாவில் வில்லைத் தூக்கி எறிந்துவிட்டு ஏர்கனைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்திருக்கும் தேவதையின் சின்னத்தைத் தேடுங்கள், ஜெர்மனியின் ராஸ்டாட் நகரத்துத் தயாரிப்பு அது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்தக் கம்பெனியின் இயந்திரங்கள் பிரிட்டனுக்குப் போய், மில்ப்ரோ நிறுவனம் ஸ்காட்லாந்திலும் டயானா என்ற பெயரிலேயே செய்தது. எனவே எந்த நாட்டுப் பெயர் பதித்திருக்கிறது என்பதையும் படியுங்கள். குழலை மூடிய நிலையில் பக்கவாட்டில் மெல்ல அசைத்துப் பாருங்கள், மூட்டு தேய்ந்திருந்தால் ஆடும். குழலின் மேல் விளிம்பு வழியாக ஒரு கண்ணால் நோக்கினால் வளைவு தெரிந்துவிடும். அன்று என்னிடம் வந்த டயானாவில் அப்படித்தான் தெரிந்தது.

போட்டிகளுக்கென்று செய்த ஃபைன்வெர்க்பாவ் 300, டயானா 75 போன்றவை கண்ணுக்குப் புத்தம் புதிதாக இருக்கும். டயானா 75 போன்றவற்றில் வாஷருக்குப் பதிலாக இருக்கும் பிஸ்டன் சீல் ஒருவித பிளாஸ்டிக். ஒரு குண்டுகூடச் சுடாமல் பெட்டியிலேயே இருந்தாலும் காலப்போக்கில் அது தானாகப் பொடிந்துவிடும். "சீல் மாற்றியிருக்கிறீர்களா?" என்று நேரடியாகக் கேளுங்கள், நல்ல விற்பனையாளர் மறைக்க மாட்டார். டயானா 75-ல் எதிரெதிராக ஓடும் இரண்டு பிஸ்டன்கள் பற்சக்கரத்தால் இணைந்திருக்கும், நேரம் தவறிப் பூட்டினால் உள்ளே சேதமாகும், அதை வீட்டில் திறக்கவே வேண்டாம். சாதாரண ஸ்பிரிங் ஏர்கனைக்கூட ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் சாதனம் இல்லாமல் கழற்றாதீர்கள். கடைசித் திருகோ ஊசியோ வெளியே வந்த கணத்தில் பின்கட்டை பறக்கும்.

வீட்டுக்கு வந்ததும் பலர் செய்யும் இன்னொரு காரியம், துருப்பிடிக்காமல் இருக்க ஸ்ப்ரே எண்ணெயைப் பிஸ்டன் ஓடும் உருளைக்குள் அடிப்பது. நசுங்கும் காற்று கடுமையாகச் சூடாகும், அந்தச் சூட்டில் எண்ணெய் ஆவி டீசல் இன்ஜினில் பற்றுவது போலப் பற்றிக்கொள்ளும். சத்தம் வெடிச்சத்தமாக வரும், ஸ்பிரிங்கும் சீலும் கெடும். தோல் வாஷருக்குப் பொருத்தமான எண்ணெய் சில சொட்டுகள் போதும், ஊறவிட்டு நிமிர்த்தி வையுங்கள்.

வேறு நாட்டுக் கண்காட்சியில் வாங்குகிறவர்கள் சட்டத்தை முன்கூட்டியே பாருங்கள், பழையது என்பதால் எல்லா இடத்திலும் விலக்கு கிடைக்காது. இங்கிலாந்தில் ரைஃபிளுக்கு 12 அடி-பவுண்டு ஆற்றல்தான் எல்லை, அதைத் தாண்டினால் சான்றிதழ் வேண்டும். ஸ்காட்லாந்தில் 2016 கடைசியிலிருந்து சாதாரண ஏர்கனுக்கே சான்றிதழ் வேண்டும். இந்தியாவில் 2016 விதிகளின்படி 20 ஜூல் ஆற்றலோ 4.5 மில்லிமீட்டர் குழலோ மிஞ்சினால் உரிமம் தேவை, பழைய .22-கள் எல்லாம் இதில் மாட்டும்.

கடைசியாகப் பழைய ரவை டப்பாக்கள். அச்சிட்ட மூடிகளுக்காகவே சேகரிப்பவர்கள் உண்டு, நானும் வைத்திருக்கிறேன். திறந்ததும் வெள்ளைத் தூள் தெரிந்தால் அது ஈயம் அரித்து வந்த தூள், ஊதவோ முகரவோ கூடாது. மூடியை மெதுவாக மூடி, டப்பாவை உறையில் போட்டு எடுத்து வாருங்கள். ஏதாவது சாப்பிட உட்காரும் முன் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள், பிள்ளைகள் தொட்டிருந்தால் அவர்கள் கையையும்.