வைஃபையில் போட்ட பூட்டு போனில் எப்படித் திறக்கிறது

"நீங்க போட்டுக் கொடுத்த ஃபில்டர் வேலை செய்யலைங்க" என்று சிங்காநல்லூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். வீடுகளுக்கு நெட்வொர்க், கேமரா போட்டுக் கொடுப்பது என் தொழில். இப்படி அழைப்பு வருவது புதிதில்லை. போய்ப் பார்த்தால் ரூட்டரில் நான் போட்ட 1.1.1.3 என்ற ஃபில்டர் எண் அப்படியேதான் இருந்தது. அம்மா போனில் ஆபாசத் தளம் திறக்கவில்லை. ஒன்பதாவது படிக்கும் பையன் போனில் மட்டும் தாராளமாகத் திறந்தது.

செட்டிங்ஸை அவனையே திறக்கச் சொன்னேன். நெட்வொர்க் பகுதியில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்று ஒன்று இருக்கும். 2018இல் ஆண்ட்ராய்டு 9உடன் வந்தது. அதில் கூகுளின் டிஎன்எஸ் பெயரை டைப் செய்து வைத்திருந்தான். "கேம் லேக் ஆச்சுண்ணா, யூடியூப்ல இதைப் போடச் சொன்னாங்க" என்றான். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. கேம் லேக், விளம்பரத் தொல்லை என்று எதற்காகவோ மாற்றுகிற பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். ஃபில்டர் போய்விட்டது என்பது அவர்களுக்கே அப்புறம்தான் தெரியவரும்.

வீடுகளில் போடும் ஃபில்டர் பெரும்பாலும் டிஎன்எஸ்தான். தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண்ணைப் பார்த்துச் சொல்லும் டைரக்டரி அது. கிளவுட்ஃப்ளேர் என்ற நெட் கம்பெனி 2020 ஏப்ரலில் குடும்பங்களுக்கென்று கொடுத்த 1.1.1.3, ஆபாசத் தளத்தையோ வைரஸ் பரப்பும் தளத்தையோ கேட்டால் எண்ணைச் சொல்லாது. அவ்வளவுதான் அதன் வேலை. போன் வேறு டைரக்டரியைக் கையில் வைத்திருந்தால் நம் ரூட்டரிடம் கேட்கவே கேட்காது. அந்தக் கேள்வியும் பூட்டிய கவரில், வழக்கமாக 853ஆம் போர்ட் (எண் போட்ட ஒரு வாசல்) வழியாகப் போவதால், என்ன கேட்டது என்று ரூட்டருக்குத் தெரியவும் தெரியாது. பிரைவேட் டிஎன்எஸ்ஸில் 'ஆட்டோமேட்டிக்' என்றிருந்தால் பயமில்லை, ரூட்டர் காட்டும் சர்வரிடமே கேட்கும். பெயர் டைப் செய்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அந்தக் கட்டத்தை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். அவன் போனில் கூகுளின் பெயரை அழித்துவிட்டு, ஃபேமிலி, புள்ளி, கிளவுட்ஃப்ளேர், நடுக்கோடு, டிஎன்எஸ், புள்ளி, காம் என்று ஒரே சரமாகப் போட்டேன். இப்போது வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்குப் போனாலும் ஃபில்டர் கூடவே வரும். ரூட்டரில் மட்டும் போட்ட ஃபில்டர் வீட்டு வாசலோடு நின்றுவிடும். தினமும் 2 ஜிபி டேட்டா கையில் இருக்கும் பையனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ரூட்டரில் 853ஐ அடைக்கச் சொல்லும் வீடியோக்களை நம்பி மொத்தமாக அடைத்துவிடாதீர்கள். இப்படி அமைத்த போனுக்கு வீட்டு வைஃபையில் நெட்டே வராது. 1.1.1.3, 1.0.0.3 இரண்டுக்கும் விதிவிலக்கு கொடுக்க முடிகிற ரூட்டர் என்றால் மட்டும் அடையுங்கள்.

எங்கள் தொழிலில் இருப்பவர்களே தவறவிடும் இடம் ஐபிவி6, அதாவது நெட் முகவரியின் புது வகை. ரூட்டரில் 1.1.1.3 என்று போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நெட் கம்பெனி தனியாக ஒரு ஐபிவி6 டிஎன்எஸ்ஸைக் கொடுத்துக்கொண்டிருக்கும், போன் சத்தமில்லாமல் அதனிடம் கேட்டுக்கொள்ளும். பையன் எதையும் தொட்டிருக்கவே மாட்டான், திட்டு மட்டும் அவனுக்கு. ஐபிவி6 பக்கத்திலும் 2606:4700:4700::1113 என்று போட வேண்டும். அந்த இடத்தை மாற்ற விடாத ரூட்டர் என்றால் ஐபிவி6ஐ நிறுத்திவிடுங்கள்.

ஒவ்வொரு கருவிக்கும் நேரக் கட்டுப்பாடு போடுபவர்களுக்கு ஒன்று. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் வைஃபையில் நிஜ மேக் முகவரிக்கு (ரூட்டர் கருவியை அடையாளம் காணும் எண்) பதில் ஒரு பொய் முகவரியைக் காட்டும். செட்டிங்ஸில் அதை மாற்றினால் ரூட்டருக்கு அது புது போன், போட்ட கட்டுப்பாடு செல்லாது. அதனால் நான் தலைகீழாகச் செய்வேன்: புதிதாக வரும் எந்தப் போனுக்கும் கட்டுப்பாடு உண்டு, தெரிந்த இரண்டு மூன்று கருவிகளுக்கு மட்டும் விலக்கு.

எதைத் திறக்கிறோம் என்பதை ரூட்டருக்கே மறைத்துவிடும் விபிஎன் ஆப்களை ரூட்டரில் முழுதாக நிறுத்த முடியாது. முடியும் என்று சொல்லிக் காசு வாங்குபவரிடம் உஷாராக இருங்கள். பிள்ளைகளின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்தும் கூகுளின் ஃபேமிலி லிங்க் ஆப்பில் எந்த ஆப்பை இறக்கவும் பெற்றோர் அனுமதி வேண்டும் என்று வைத்தால் ஓரளவுக்குக் கட்டுப்படும். பிரவுசருக்குள்ளேயும் 'செக்யூர் டிஎன்எஸ்' என்று ஒன்று இருக்கிறது, அதையும் ஒருமுறை திறந்து பாருங்கள். ஐபோனில் ஐக்ளவுடுக்குப் பணம் கட்டுபவர்கள் பிரைவேட் ரிலேயைப் பார்க்க வேண்டும், அதுவும் எந்தத் தளம் என்பதை ரூட்டருக்கு மறைத்துவிடும். ரூட்டர் செட்டிங்ஸைத் திறக்கும் பாஸ்வேர்டு பெட்டிக்கு அடியில் ஸ்டிக்கரில் இருக்கிறதே, அதை மாற்றாமல் மேலே சொன்ன எதைச் செய்தும் பயனில்லை. இந்த வீட்டிலும் ஸ்டிக்கரில் இருந்ததுதான்.

எல்லாவற்றையும் பையனை உட்கார வைத்து, அவன் கண் முன்னால்தான் மாற்றினேன். தெரியாமல் உளவு பார்க்கும் ஆப் கேட்பவர்களுக்கு நான் போட்டுக் கொடுப்பதில்லை.

கிளம்பும்போது அப்பா வாசல் வரை வந்தார். "என் போனுக்கு மட்டும் ஃபில்டர் வேண்டாங்க, ஆபீஸ் வேலை பார்ப்பேன்" என்றார். திரும்பிப் பார்த்தேன். சோபாவில் பையன் கையில் இருந்தது அவருடைய போன்தான்.